பின்னால் ஓடிய பச்சை இன்ஜின்

“என் மாப்பிள்ளை திருடன். அதை நிரூபிச்சுக் குடுங்க. இருட்டுறதுக்குள்ள!”

பல் டாக்டர் இதைச் சொன்ன வேகத்தில் மேஜை மேலிருந்த காபிக் கோப்பை சாசரோடு சேர்ந்து அரை அங்குலம் நகர்ந்தது. பணியில் இருந்த காலமெல்லாம் பிறரை வாயைத் திறக்கச் சொன்னவர் அவர். ஓய்வு பெற்ற பின், அத்தனை பேருக்கும் சேர்த்துத் தானே திறந்துகொண்டிருந்தார்.

அண்ணி கோப்பையைப் பழைய இடத்துக்கே தள்ளி வைத்தாள்.

உலகமே அவளை அண்ணி என்றுதான் அழைத்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தபோது, எரிந்துபோன குடோன்களுக்குள் புகுந்து எரியாமல் மிச்சமிருந்த பொய்களைப் பொறுக்கி வந்தவள். பிறகு சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். கூடவே ஒட்டிக்கொண்டவன் அவள் கணவனின் தம்பி. டிரைவிங் ஸ்கூல் நடத்தியவன். அவனிடம் கற்றவர்கள் ஓட்டும் வண்டியில் ஏற அவனுக்கே தைரியம் இல்லாததால் ஸ்கூலை மூடியவன். அந்தக் கொழுந்தன் ‘அண்ணி, அண்ணி’ என்று கூப்பிட்டே அந்தப் பெயரை ஊர் முழுக்க ஒட்டிவிட்டான்.

“எதைத் திருடினார்?” என்றாள் அண்ணி.

“என் பச்சை இன்ஜினை.”

“இன்ஜினையா?” கொழுந்தன் ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தான். “எதுல ஏத்திட்டுப் போனார் சார்? லாரிலயா?”

டாக்டர் அவனை, சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு இருவரையும் மாடிக்கு அழைத்துப் போனார்.

மாடியில் ஒரு நாடே இருந்தது. அறை முழுவதும் ஒரே மேஜை. அதன் மேல் மலை, பாலம், சுரங்கம், சிக்னல், ஸ்டேஷன். ஸ்டேஷனில் அரிசி மணி அளவுக்கு ஒரு மனிதர் அரிசி மணியைவிடச் சின்னதாக ஒரு பையோடு காத்திருந்தார். சுவரோரம் கண்ணாடி அலமாரியில் பழைய பொம்மை இன்ஜின்கள், தட்டுத் தட்டாக. ஒவ்வொன்றும் ஆள்காட்டி விரல் நீளம்தான். ஆனால் அவற்றைத் தேடி டாக்டர் அலைந்த தூரத்துக்கு நிஜத் தண்டவாளம் போட்டிருந்தால் பூமியை ஒரு சுற்று சுற்றி முடிச்சே போட்டிருக்கலாம்.

நடுத்தட்டு காலி.

“அங்கதான் இருந்துச்சு,” என்றார் டாக்டர். குரல் முதல் தடவையாகத் தணிந்தது. “அதைச் செஞ்ச பட்டறை கொஞ்ச காலத்துலயே மூடிட்டாங்க. உலகத்துல மிச்சம் இருக்கிறதே ஏழோ எட்டோ. அதுலயும் என்னுது மட்டும்தான் பட்டறைல திருகின ஸ்க்ரூவை யாருமே தொடாதது. நான் வண்டியைப் பிரிக்கிற ஜாதியே இல்லம்மா. ஓட்டுவேன், துடைப்பேன், பார்ப்பேன். அவ்வளவுதான்.”

“நேத்து என்ன ஆச்சு?”

நேற்று ஞாயிற்றுக்கிழமை. சின்ன ரயில் சங்கத்தின் உறுப்பினர்கள் எல்லாரும் இந்த அறையில் கூடியிருந்தார்கள். டாக்டர் பச்சை இன்ஜினைத் தண்டவாளத்தில் வைத்து, பின்னால் பெட்டிகளைக் கோத்து, லீவரை முன்பக்கம் தள்ளினார். இன்ஜின் பின்பக்கம் போனது.

“மத்த இன்ஜினெல்லாம் அதே தண்டவாளத்துல நேராத்தான் போச்சு. இது மட்டும் பின்னால! எனக்கு மூச்சே நின்னு போச்சு. எங்க சங்கத்துச் செயலாளர்தான் கையில எடுத்துப் பார்த்துட்டுச் சொன்னார். ‘டாக்டர், மன்னிக்கணும். இது போலி, காப்பி. காப்பி பண்றவங்க மோட்டாரைத் திருப்பிச் சுத்திடுவாங்க. அசல் இப்படி ஓடாது’ன்னு. தங்கமான மனுஷர். காலைல எல்லாருக்கும் முன்னாடி வந்து, நான் ஷேவ் பண்ணிட்டு வர்றதுக்குள்ள தனியாளா நாற்காலி எல்லாம் போட்டு வெச்சவர்.”

“அந்தக் காப்பி இப்ப எங்க?”

“எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கல. தூக்கிக் குப்பைல போடப் போனேன். செயலாளர்தான், ‘சக்கரமாவது உதவும், நான் எடுத்துக்கிறேன்’னார். எடுத்துட்டுப் போங்கன்னுட்டேன்.”

“சரி. மாப்பிள்ளை மேல எப்படிச் சந்தேகம்?”

டாக்டர் கதவைச் சாத்தினார். சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, தெருவுக்கே கேட்கும்படி ரகசியம் சொன்னார். “சனிக்கிழமை சாயங்காலம் அவர் இந்த ரூம்லேர்ந்து இறங்கி வந்ததைப் பார்த்தேன். கைல ஸ்க்ரூடிரைவர்! இந்த ரூமையே கண்டா சிரிக்கிற ஆள். ‘மாமாவோட பொம்மைக் கடை’ன்னு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்ற ஆள். இங்க அவருக்கு என்ன வேலை? கேட்டா ‘சும்மா’ங்கறார். அசலை எடுத்துட்டுக் காப்பியை வெச்சிருக்கார். இன்னிக்கு வீட்டை விட்டுப் போங்கன்னு சொல்லிட்டேன்.”

கதவு திறந்தது. டாக்டரின் மகள் நின்றிருந்தாள். அப்பாவுக்கு இருந்த அதே மூக்கு. அதன் நுனியில் அப்பாவைவிட இரண்டு மடங்கு கோபம்.

“அவர் போனா நானும் போறேன்னு நானும் சொல்லிட்டேன். அதையும் இவங்ககிட்ட சொன்னீங்களாப்பா?”

டாக்டர் சிக்னல் கம்பத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

“டாக்ஸி சாயங்காலம் வருது,” என்றாள் மகள் அண்ணியிடம். “உங்களால அதுக்குள்ள எதையாவது கண்டுபிடிக்க முடிஞ்சா சரி. இல்லேன்னா இவர் இந்த ரயிலுங்களோடயே பேசிக்கிட்டு இருக்கட்டும்.”

கீழே மாடிப்படியடியில் இரண்டு சூட்கேஸ்கள். அவற்றின் அருகே மருமகன். கைகளை பேன்ட் பாக்கெட்டுக்குள் ஆழமாக விட்டுக்கொண்டு நின்றார்.

“சனிக்கிழமை மாடில என்ன பண்ணீங்க?” என்று கேட்டாள் அண்ணி.

“சும்மா போனேன்.”

“ஸ்க்ரூடிரைவரோட?”

மருமகனின் காது மடல்கள் சிவந்தன. “திருடன்னுதானே முடிவு பண்ணிட்டாங்க? அப்படியே இருந்துட்டுப் போகட்டும்.”

கொழுந்தன் அண்ணியின் காதில் சொன்னான். “அண்ணி, இவர் முகத்தைப் பார்த்தா நான் தொலைச்ச குடையைக்கூட இவர்தான் எடுத்தார்னு தோணுது.”

“முகம் பொய் சொல்லுது. எதைப் பத்தின்னுதான் தெரியல.” அண்ணி மகள் பக்கம் திரும்பினாள். “நேத்து ஓட்டினதை யாராவது போன்ல எடுத்தீங்களா?”

மகள்தான் எடுத்திருந்தாள். பச்சை இன்ஜின் ஒரு முறை உறுமி, பின்னால் கோத்திருந்த பெட்டிகள் அத்தனையையும் முட்டித் தள்ளிக்கொண்டு, பாலத்து மேட்டில் பின்பக்கமாகவே ஏறிப் போனது. வீடியோவில் ஒருவர் ‘ஐயோ’ என்றார். அது டாக்டர்.

அண்ணி அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். “மேட்டுல கூட திணறல பார்த்தியா?” என்று மட்டும் சொன்னாள்.

* * *

டாக்டரின் இன்ஜின்களுக்கு எண்ணெய் போடுவது மோட்டார் அக்கா. தையல் மெஷின், மிக்சி, விசிறி, பொம்மை ரயில் என்று எது சுற்ற மறுத்தாலும் அவள் கடைக்கு வரும். தன்னைப்போல் ஒரு கை இந்தக் கண்டத்திலேயே கிடையாது என்று அவளே சொல்வாள். வாடிக்கையாளர் மறந்துவிட்டால் மறுபடியும் சொல்வாள்.

“டாக்டர் இன்ஜினா? தொட்டதே இல்ல,” என்றாள் எடுத்த எடுப்பில். “மேலாப்ல ஆயில் விடுவேன். அவ்வளவுதான். பிரிக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் குடுப்பார்.”

சொல்லும்போது அவள் கை, மேஜை மேலிருந்த சிவப்பு நகப்பாலிஷ் குப்பியை மெல்ல நகர்த்தித் துணிக்கு அடியில் தள்ளியது. அவள் நகங்களிலோ பாலிஷ் இல்லை, கிரீஸ்தான் இருந்தது.

அண்ணி அந்தத் துணியைத் தூக்கவில்லை. “ஒரு இன்ஜின் திடீர்னு பின்னால ஓடினா என்னக்கா அர்த்தம்?”

“உள்ள காந்தத்தைத் திருப்பி மாட்டிட்டாங்கன்னு அர்த்தம். வேறென்ன? காந்தம் தலைகீழானா மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்தும். கத்துக்குட்டிங்க பண்ற வேலை.”

“காப்பின்னு அர்த்தம் இல்லையா?”

“எவன் சொன்னான்?”

அண்ணி, மகளிடம் வாங்கி வந்திருந்த வீடியோவைக் காட்டினாள். மோட்டார் அக்கா பார்த்தாள். சிரித்தாள். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது.

“இது கத்துக்குட்டி வேலை இல்லையே.”

“ஏன்?”

மோட்டார் அக்கா டப்பாவிலிருந்து பழைய இன்ஜின் ஒன்றை எடுத்தாள். உள்ளே சர்க்கரைக் கட்டி அளவுக்கு ஒரு காந்தம், இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே. “இந்தக் காலத்துக் காந்தம் மாதிரி இல்லம்மா இது. ரோஷக்காரக் காந்தம். ரெண்டு பக்கமும் இரும்பைப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். வெறுங்கையால வெளிய இழுத்தா, அந்த நிமிஷமே பாதித் தெம்பு போயிடும். நாங்க கழட்டுறப்ப ஒரு இரும்புத் துண்டை ஒட்ட வெச்சு, அது மேலயே நகர்த்தி எடுப்போம். இந்த வண்டி பாரு, மேட்டுல மாடு மாதிரி முட்டித் தள்ளுது! தெம்பு கொஞ்சம்கூடக் குறையல.”

அண்ணியின் கண்கள் சின்னதாயின. கொழுந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்தக் கண்கள் சின்னதானால் யாருடைய வாழ்க்கையிலோ ஒரு பெரிய பிரச்சினை ஆரம்பிக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

“கொழுந்தனாரே, கேளு. தெரியாத ஆள் திறந்திருந்தா, வண்டிக்குத் தெம்பு போயிருக்கும். தெரிஞ்ச ஆள் திறந்திருந்தா, வண்டி முன்னால போயிருக்கும். இது முழுத் தெம்போட பின்னால போகுது.”

“தெரிஞ்ச ஆள்… வேணும்னே திருப்பியிருக்கான்!”

“அப்ப காந்தத்துக்கும் காய்ஞ்ச ரொட்டிக்கும் வித்தியாசம் தெரியாத மாப்பிள்ளை இதைப் பண்ணல.”

“இந்தத் தெருவுலயே அது தெரிஞ்ச ஆள்,” கொழுந்தன் நைசாகத் திரும்பினான், “நம்ம முன்னாடிதான் உட்கார்ந்திருக்காங்க அண்ணி.”

மோட்டார் அக்காவின் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது. “தம்பி! நாக்கை அடக்கு! நான் மாட்டினா தலைகீழாப் போகவே போகாது. அதுக்குத்தானே மேல்பக்கம் சிவப்புப் பொட்டு…”

அக்கா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பொட்டு?” என்றாள் அண்ணி.

மோட்டார் அக்கா எழுந்து கடைக்கதவைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். குரல் இறங்கியது. “ரெண்டு தடவை திறந்திருக்கேன். உள்ள தூசி அடைச்சு மூச்சு முட்டிக்கிட்டு இருந்துச்சு, என்ன பண்ணச் சொல்றே? எந்தப் பக்கம் மேல வரணும்னு அடையாளத்துக்கு நகப்பாலிஷ்ல ஒரு பொட்டு வெப்பேன். நான் பார்த்த எல்லா வண்டிலயும் அந்தப் பொட்டு இருக்கும். டாக்டர்கிட்ட சொல்லிடாதே. அந்த மனுஷன் அதைக் கன்னி கழியாத ஸ்க்ரூன்னு நெனச்சுக்கிட்டு நிம்மதியா இருக்கார்.”

“சொல்ல மாட்டேன்,” என்று எழுந்தாள் அண்ணி. “ஆனா உங்க பொட்டு இன்னிக்குச் சாட்சி சொல்லும்.”

* * *

செயலாளரின் வீட்டில் ரயில் அறை, முன்பு கார் ஷெட்டாக இருந்தது. காரை வெயிலில் விட்டுவிட்டு ரயிலை நிழலில் வைத்த மனிதர். மணியடித்தபின் கதவு திறக்கக் கொஞ்சம் தாமதமானது. திறந்தபோது, அவர் முகத்தில் ஏற்கெனவே ஒரு புன்னகை மாட்டியிருந்தது. ஆனால் கொஞ்சம் கோணலாக மாட்டியிருந்தது.

“அந்தக் காப்பியா? அடடா, நேத்தே பிரிச்சாச்சும்மா,” என்றார். “சக்கரம் ஒரு டப்பாவுல. பாடியைக் குப்பைல போட்டுட்டேன். பாவம் டாக்டர். சொந்த மாப்பிள்ளையே இப்படிப் பண்ணினா?”

“மாப்பிள்ளைன்னு உங்களுக்கு யார் சொன்னது?”

“டாக்டர்தான்… இல்ல, நாமே ஊகிக்கிறதுதானே?”

“அந்தச் சக்கரத்தையாவது பார்க்கலாமா?”

“எந்த டப்பான்னு தேடணும். நாளைக்கு வாங்களேன்.”

சந்தேகத்துக்கு மணம் என்று ஒன்று உண்டானால், அந்த ஷெட்டில் அப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டியிருந்திருக்கும். அண்ணி நகராமல் நின்றாள். செயலாளர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளையே பார்த்தது அவர் செய்த தப்பு.

கொழுந்தன், லீவரைக் கண்டால் சும்மா இருக்க முடியாத பிறவி. அறைக்கோடியில் இருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியின் முன்னால் நின்றான். சீட் பெல்ட் இருக்கிறதா என்று இடுப்பைத் தடவினான். லீவரை முன்னால் தள்ளினான்.

“தொடாதீங்க!” செயலாளரின் குரல் கீச்சிட்டது.

அட்டை மலையின் வயிற்றுக்குள்ளிருந்து ‘விர்ர்’ என்று ஒரு சத்தம் கிளம்பியது. சுரங்கத்தின் வாயில் முதலில் நீராவி இன்ஜினுக்கே உரிய ஒரு புகைபோக்கி தெரிந்தது. பிறகு பச்சை. பிறகு முழு இன்ஜினும், ராஜநடையில், நேராக, முன்னால் ஓடிவந்தது.

“குப்பைக்குப் போன பாடி, டப்பாவுல இருந்த சக்கரத்தையும் சேர்த்துக்கிட்டு வருது அண்ணி,” என்றான் கொழுந்தன். “மணியடிக்கிற வரைக்கும் சார் ஓட்டிக்கிட்டு இருந்திருக்கார்.”

செயலாளர் ஓடிவந்து லீவரை இழுத்து நிறுத்தினார். “சரி… பிரிக்க மனசு வரல. காந்தத்தைச் சரி பண்ணி ஓட்டிப் பார்த்தேன். காப்பின்னாலும் ஓடுது, அவ்வளவுதான். இதுல என்ன தப்பு?”

“ஒண்ணும் தப்பில்ல. காப்பிதானே? எங்க ஆள் கொஞ்சம் திறந்து பார்க்கட்டும்.” அண்ணி இன்ஜினை எடுத்துக் கொழுந்தனிடம் கொடுத்தாள்.

கொழுந்தன் பாக்கெட்டிலிருந்து ஒரு திருப்புளியை உருவினான். லாரி டயர் கழற்றுவதற்குக்கூட அது கொஞ்சம் முரட்டுத்தனம்தான். துருப்பிடித்த அதன் நுனியை, கடுகு அளவு இருந்த ஸ்க்ரூவின் மேல் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, முழங்கையை உயர்த்தினான்.

“ஐயோ! வேணாம்! கெடுத்துடாதே! அந்த ஸ்க்ரூ அசல்! பட்டறைல போட்டது! இன்னொண்ணு உலகத்துலயே கிடைக்காது!”

செயலாளர் பாய்ந்து வந்து இன்ஜினைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருடைய காதுக்கே போய்ச் சேர்ந்தது.

“காப்பி வண்டில அசல் ஸ்க்ரூவா?” என்றாள் அண்ணி, மிக மென்மையாக.

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இனி நீங்களே திறங்க. உங்க கைதான் அதுக்குப் பழக்கம்.”

அவர் திறந்தார். அந்த நிலைமையிலும் பழக்கம் போகவில்லை: முதலில் ஒரு இரும்புத் துண்டை எடுத்து ஒட்ட வைத்துவிட்டுத்தான் காந்தத்தை நகர்த்தினார். அதன் மேல்பக்கம், குங்குமம்போல் ஒரு சிவப்புப் பொட்டு.

“டாக்டர் வண்டிதான்,” என்றாள் அண்ணி. “யாரும் எதையும் மாத்தல. ஞாயித்துக்கிழமை காலைல, அவர் ஷேவ் பண்ணிக்கிட்டிருந்தப்ப, நாற்காலி போடுற சாக்குல காந்தத்தை மட்டும் திருப்பி வெச்சீங்க. திருடியிருந்தா போலீஸ் தேடும். அதனால ‘இது என்னுது இல்ல’ன்னு சொந்தக்காரர் வாயாலயே சொல்ல வெச்சு, அவர் கையாலயே வாங்கிட்டு வந்தீங்க. வீட்டுக்கு வந்த உடனே பழையபடி மாத்தியும் வெச்சுட்டீங்க. பின்னால ஓடுறதை உங்களால ஒரு நாள்கூடப் பார்த்துக்கிட்டு இருக்க முடியல.”

“எத்தனை வருஷமா கேட்டேன் தெரியுமாம்மா?” என்றார் செயலாளர். “வாடகைக்காவது குடுங்கன்னு கேட்டேன். அவர் எப்பவாவது ஒரு தடவை ஓட்டுறார். நான் தினமும் ஓட்டியிருப்பேன்.”

“ஒரு வண்டிக்காக ஒரு குடும்பத்தைத் தெருவுல நிறுத்தினீங்களே சார்.”

“மாப்பிள்ளை மேல பழி வரும்னு நான் நினைக்கல.”

“வந்தப்புறம் தடுக்கவும் இல்ல,” என்றாள் அண்ணி. “காப்பின்னு சங்கத்துல எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. அசல்னும், ஏன் பொய் சொன்னீங்கன்னும் எல்லார் முன்னாடியும் நீங்களே சொல்லுங்க. அதுக்கு மேல உங்களை என்ன பண்றதுன்னு டாக்டர் முடிவு பண்ணட்டும்.”

* * *

அவர்கள் திரும்பியபோது வாசலில் டாக்ஸி நின்றிருந்தது. ஒரு சூட்கேஸ் ஏற்கெனவே டிக்கிக்குள். மகள் பின்சீட்டில். மருமகன் இரண்டாவது சூட்கேஸோடு தெருவில்.

அண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் இன்ஜினை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் விட்ட பெருமூச்சில் எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகள் ஆடின.

“அப்ப அந்தப் படுபாவி ஸ்க்ரூவைத் திருகிட்டானா?”

“ஆமா. அவர்தான் திருகினார்,” என்றாள் அண்ணி. கொழுந்தன் வானத்தைப் பார்த்தான்.

ஆனாலும் அசல் திரும்பி வந்ததில் டாக்டரின் முகம் மலர்ந்தது. பிறகு மறுபடியும் சுருங்கியது. மருமகனைத் திரும்பிப் பார்த்தார். “சரி. வண்டியை மாத்தல. அப்ப சனிக்கிழமை ஸ்க்ரூடிரைவரோட என் ரூம்ல என்ன வேலை?”

“சும்மா.”

“பார்த்தீங்களா! பார்த்தீங்களாம்மா! இன்னும் என்னமோ இருக்கு!”

மகள் டாக்ஸியின் கதவை இழுத்துச் சாத்தினாள். “ஏறுங்க நீங்க. இவர் மாறவே மாட்டார்.”

“சூட்கேஸைக் கொஞ்சம் கை மாத்திப் பிடிங்க,” என்றாள் அண்ணி மருமகனிடம். அவர் யோசிக்காமல் மாற்றினார். பாக்கெட்டிலிருந்து வெளியே வந்த வலதுகையின் விரல் நுனிகளில், சோப்புக்கும் போகாத மெல்லிய கறுப்புக் கோடுகள். அதே கோடுகள் செயலாளரின் விரல்களிலும் இருந்தன. டாக்டரின் விரல்களிலும் இருந்தன.

“தண்டவாளக் கறுப்பு,” என்றாள் அண்ணி. “சக்கரத்தைத் தண்டவாளத்துல வெச்சு வெச்சு எடுக்கிறவங்க கைல மட்டும்தான் வரும். ஒரு நாள்ல வராது.”

மருமகன் தரையைப் பார்த்தார். தெருவே அவர் பதிலுக்காகக் காத்திருந்தது. டாக்ஸி டிரைவர் இன்ஜினையே அணைத்துவிட்டார்.

“மாமா தூங்குறப்ப போவேன்,” என்றார் மருமகன், யாருக்கும் கேட்கக் கூடாது என்ற குரலில். “முதல்ல கிண்டல் பண்ணத்தான் போனேன். அப்புறம்… சனிக்கிழமை ஓட்டுறப்ப தண்டவாளத்துல ஒரு இணைப்பு லூசாயிடுச்சு. அதை முடுக்கினேன். பச்சை வண்டி அன்னிக்கு நேராத்தான் போச்சு.”

“இதைச் சொல்லியிருந்தா உங்க மேல இருந்த பழி நேத்தே போயிருக்குமே!” மகள் டாக்ஸியிலிருந்து இறங்கிவிட்டாள்.

“உங்க அப்பா முன்னாடி எப்படிச் சொல்றது? பொம்மைக் கடை, பொம்மைக் கடைன்னு எத்தனை பேர்கிட்ட சிரிச்சிருக்கேன்! திருடன்னாகூடப் பரவாயில்லன்னு தோணிச்சு.”

மகள் சூட்கேஸின் மேலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. மருமகனின் அருகில், மூக்கோடு மூக்கு இடிக்கும் தூரத்துக்கு வந்தார்.

“வளைவுல என்ன பண்ணீங்க?”

“லீவரைக் குறைச்சுட்டுத்தான் திருப்பினேன் மாமா.”

“பாலத்துல?”

“ஒரே சீரா.”

“சுரங்கத்துக்கு முன்னாடி?”

மருமகனின் காது மடல்கள் மறுபடியும் சிவந்தன. “விசில் அடிச்சேன்.”

“அந்த வண்டில விசிலே கிடையாதே!”

“வாயால, மாமா.”

டாக்டர் ஓரடி பின்னால் நகர்ந்தார். “எங்க, அடிச்சுக் காட்டுங்க.”

மருமகன் மனைவியைப் பார்த்தார். டாக்ஸி டிரைவரைப் பார்த்தார். கொழுந்தன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதையும் பார்த்தார். பிறகு சூட்கேஸைக் கீழே வைத்துவிட்டு, நடுத்தெருவில் நின்று, உதட்டைக் குவித்து, நீளமாக ஒரு விசில் அடித்தார்.

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு அது முடியும்வரை கேட்டார்.

“இது டீசல் வண்டி விசில்,” என்றார். “உள்ள வாங்க மாப்பிள்ளை.”